வியாழக்கிழமை மழை

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பெரம்பலூர் வண்டி இன்னும் வந்து சேராத மத்தியானப் பொழுதில், சிறுகன்பட்டியின் மேல் பெய்துகொண்டிருந்த மழை பெய்கிற பாதியிலேயே அந்தரத்தில் நின்றுபோனது. மேகம் கலைந்து வெயில் அடித்து மழை விட்டுப்போவது ஊரில் யாருக்கும் புதிதில்லை, இது அப்படியில்லை. தரைக்கு வந்த துளி வந்ததுதான், வராத துளி வராததுதான். ஓட்டு விளிம்புக்கு ஒரு சாண் கீழே சில, ஆட்டின் முதுகுக்கு அரை முழம் மேலே சில, புளியமரத்து உச்சியில் சில, அதற்கும் மேலே கண் எட்டுகிற மட்டும் கோடானுகோடி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, கீழே இறங்கவும் இல்லை, மேலே திரும்பவும் இல்லை. டீக்கடை காதர் பாய் வெளியே கையை நீட்டி ஒரு துளியை நகத்தால் சுண்டிப் பார்த்தார், உடைந்து மணிக்கட்டில் வழிந்தது, தண்ணீர்தான். உள்ளே திரும்பி, "பாய்லரை அணைக்காத, ஆளு வரும்" என்று மனைவியிடம் சொன்னார்.

அதே நொடியில் உரக்கடை மாடியில் இருந்த ஒற்றை அறை ஆபீசில் தமயந்தியின் கறுப்புத் திரையும் நின்றது.

தமயந்தியின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். சுற்றுவட்டாரத்து வெள்ளாமைக் காடுகளில் சென்னைக் கம்பெனி ஒன்று மழைமானிகளை நட்டு வைத்திருந்தது. காலையில் ஆபீசைத் திறந்ததும் அவள் கறுப்புத் திரையில் சில கட்டளைகளைத் தட்டுவாள். ஒன்று மழைமானிகளிடமிருந்து அளவை வாங்கும், அடுத்தது அதில் கல்லும் உமியும் பொறுக்கும், அதற்கடுத்தது ஊர்வாரியாகக் கூட்டும், கடைசியில் உள்ளது கூட்டியதைச் சென்னைக்கு அனுப்பும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கைமாறுகிற மாதிரி ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு அளவுகள் போய்க்கொண்டே இருக்கும், அந்தத் தொழிலில் இதற்குப் பைப்லைன் என்று பெயர். வாங்கியதும் கொடுத்ததும் வரிவரியாகத் திரையில் ஓடும், ஓடுகிற வரியில் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அவளுடைய மீதி வேலை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம், அவள் நறுக்கியும் இருக்கிறாள்.

இந்த வேலைக்கு வருமுன் தமயந்தி ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் போட்டவள். அந்த மில்லில் கரண்ட் போகிற நேரம் மின்வாரியத்துக்கே தெரியாது. அரைநாள் தட்டியதெல்லாம் ஒரு கண்சிமிட்டலில் காணாமல் போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தட்டித் தட்டி, கடைசியில் அவளுடைய இடது கை தனக்குத்தானே ஒரு புத்தியை வளர்த்துக்கொண்டது. விசிறி கொஞ்சம் தயங்கினால் போதும், விளக்கு லேசாக மினுங்கினால் போதும், கை தானாகப் போய் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தி, தட்டியதைச் சேமித்துவிட்டு வந்துவிடும். வியாழக்கிழமையும் இடி இடித்தது, விசிறி தயங்கியது, கை போய் அழுத்தியது. ஆனால் கறுப்புத் திரைக்கு அந்தச் சாவி சேமிக்கிற சாவி இல்லை, ஓடுவதை ஓடாதே என்று பிடித்து நிறுத்துகிற சாவி. இதைக் கேட்கிற நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். தமயந்தி தெரிந்துகொள்ள சனிக்கிழமை ஆகும், ஏனென்றால் அழுத்தியதே அவளுக்குத் தெரியாது, நாள் முழுக்க விடுகிற மூச்சை யார் கணக்கு வைக்கிறார்கள்.

என்டரைத் தட்டினாள், திரை அசையவில்லை. பக்கத்தில் இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, அந்த வேலை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறது, தூங்குகிறது என்று பதில் வந்தது. பிழை என்று ஒரு வரி இல்லை, நெட்டும் நன்றாகவே இருந்தது. சென்னையில் அவளுக்கு மேலே இருக்கிற ஜெயசீலன் சாருக்கு போன் போட்டாள்.

"மூணு இருபதோட நின்னுருச்சு சார். சாவல, ஆனா அசையவும் மாட்டேங்குது."

"கில் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்."

"கையில வாங்கி வெச்சிருக்கற அளவெல்லாம் போயிருமே சார்."

"போனா போகட்டும். அந்த நாளுக்கு சைபர் போட்டுக்கலாம்."

டீ கொண்டுவந்த காதர் பாய் டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு, "மூணு இருபதாம்மா? மழையும் சரியா அப்பதான் நின்னுச்சு" என்றார். தமயந்தி ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தாள். பார்த்துவிட்டு, சைபர் என்ற சொல்லை நினைத்துப் பார்த்தாள். நாளைக்கு வரைக்கும் பொறுக்கலாம் சார் என்று சொல்லி போனை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மழை உரக்கடை மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. எப்படி மாட்டியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாலுகா ஆபீசில் பட்டா மாட்டிக்கொள்கிறது, பேங்கில் நகை மாட்டிக்கொள்கிறது, மழை மட்டும் மாட்டாதா என்ன? எப்போது வரும் என்பதைத்தான் கேட்டார்கள்.

அந்த மழையில் நின்றால் நனையாது, நடந்தால் நனையும். இந்தச் சூட்சுமத்தை ஊர் ஒரே பொழுதில் கண்டுபிடித்தது. ஒருவர் நடந்து போனால் அவர் உடம்பு உடைத்த துளிகள் உடைந்தவைதான், அவர் போன இடம் காய்ந்த வழியாகிவிடும், பின்னால் வருகிறவர் சட்டை நனையாமல் வரலாம். ஆகையால் முதலில் போவதற்கு ஆளாளுக்கு யோசித்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டி முதலில் போகிறவருக்கு நல்ல மரியாதை கிடைத்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊருக்குள் மழையைக் குடைந்து சந்துசந்தாக வழிகள் உண்டாகியிருந்தன, வீட்டிலிருந்து டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு, கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு. யார் யார் எங்கே போய் வருகிறார்கள் என்பது பட்டப்பகலில் தெரிய ஆரம்பித்ததும் சிலருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டிலிருந்து நேராக மிட்டாய்க் கடைக்கு வழி போயிருந்தது. ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடுகளுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வழி இருந்தது, குனிந்து பார்த்துவிட்டு இரண்டு பேருமே பிள்ளைகளைத் திட்டாமல் உள்ளே போய்விட்டார்கள்.

பஸ் ஊருக்குள் வரும்போதே கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொன்னார், வண்டி மட்டும் கழுவிவிட்ட மாதிரி போய்வந்தது. பெண்கள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நாலு சுற்றுச் சுற்றினார்கள், குடம் நிறைந்தது. துளிக்குத் துளி வெயில் பட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் வானவில்லாக இருந்தது, காலையில் அதைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகள் சாயங்காலம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கபடி ஆடின. ரோட்டுக்கு மேல் நிற்கிற மழையை ஒருவர் போர்வையால் வாரித் தன் காட்டுக்குள் உதறியதில் சண்டை வந்தது. ஊராட்சித் தலைவர் மருதாம்பாள் வந்து விசாரித்து, அவரவர் காட்டுக்கு மேலே நிற்கிறது அவரவர் மழை, ரோட்டுக்கும் ஏரிக்கும் மேலே நிற்கிறது ஊர் மழை என்று தீர்ப்புச் சொன்னார், எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மழை நின்றதில் ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோஷம்தான், அதையும் மறைக்கக் கூடாது. சின்ன வெங்காயம் பிடுங்கிக் காட்டிலேயே காயப் போட்டிருந்தவர்கள் அவர்கள். மழை தரைக்கு வந்தால் வெங்காயம் அழுகும். அந்தரத்தில் நிற்கிறவரை ஓடி ஓடி வாரி, வெங்காயம் காத்து வைக்கிற பட்டறையில் சேர்க்கலாம். மருதாம்பாளும் வெங்காயக்காரர்தான். மீதிப் பாதி மக்காச்சோளக்காரர்கள், கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டில் ஈரம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பாதியில் ஒருவன் ராஜவேல், தமயந்தியின் புருஷன்.

ராஜவேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவனாக இருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புருஷன். சனிக்கிழமை ராத்திரி வருவான், ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், சாயங்காலம் பை தோளில் ஏறிவிடும். தமயந்திக்கு இந்த மழை வேலை கிடைத்ததும், ஒரு சம்பளம்தான் இருக்கிறதே என்று தைரியம் சொல்லி அவள்தான் அவனை ஊருக்கு வரவழைத்தாள். சும்மா கிடந்த இரண்டு ஏக்கரில் அவன் மக்காச்சோளம் போட்டான். இந்த ஒரு வெள்ளாமை பார்ப்போம், வாய்த்தால் இங்கே, வாய்க்காவிட்டால் பழையபடி திருப்பூர் என்று இருவருக்கும் பேச்சு. நான்கு மாதமாக அவர்கள் தினமும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், சாப்பாட்டில் உப்பில்லை என்று தினமும் சண்டை போட்டார்கள், அந்தச் சண்டைகூட தமயந்திக்கு இனித்தது. விதைத்த ஈரத்துக்கு அப்புறம் மழையே இல்லாமல் பயிர் சுருண்டு கிடந்த காட்டுக்கு முதலில் வந்ததே அந்த வியாழக்கிழமை மழைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சோறு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். ராஜவேல் போர்வையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தான். போர்வையில் உடைந்த மழை வேரில் விழுந்தது.

"எவ்ளோ தூரம் ஆச்சுங்க?"

"நாலு வரிச நனைஞ்சிருக்கு. மேல கெடக்கறது எட்டல."

"ஏணி வெச்சுப் பாத்தீங்களா?"

"ஏணி வெச்சு மழையப் பறிக்கற காலம் வந்துருச்சு பாரு" என்று அவன் சிரித்தான். சோற்றைப் பிசைந்தபடியே அடுத்ததையும் சொன்னான். "கம்பெனிலேருந்து போன் வந்துச்சு. திங்கக்கெழம வந்து சேரலைன்னா வேற ஆளப் போட்ருவாங்களாம். ஞாயித்துக்கெழம காலை வண்டிக்கு வரேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள மழ வந்தா போவல."

"வரலைன்னா?"

"நீ என்ன பண்ணுவ, நான்தான் என்ன பண்ணுவேன்."

தமயந்திக்கு அழுகை வந்தது, குழம்பு காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே ஒரு காடு கொள்ளாத தண்ணீர் நின்றது, காலுக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளிக்கிழமை மழையும் வந்தது. கிழக்கிலிருந்து மேகம் ஏறி, நன்றாகப் பெய்து, வியாழக்கிழமை மழையின் முதுகில் வந்து நின்றுகொண்டது. வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. அதே நேரத்தில் பக்கத்து ஊர் ஆட்டுப்பாறையில் வேறொன்று நடந்தது. ஆட்டுப்பாறைக்குப் புது மழைமானி என்பதால் அதற்கு மட்டும் தனி வேலை, அதுவும் தமயந்தியின் அதே திரையில்தான் ஓடி, அங்கேயே நின்றிருந்தது. எங்கே இவள் பயந்து பயந்து நாளைக் கடத்துகிறாளோ என்று ஜெயசீலன் சார் சென்னையிலிருந்தே உள்ளே வந்து அந்தச் சின்ன வேலையை மட்டும் கொன்று பார்த்தார். கொன்று, சைபர் என்று போட்டார். ஆட்டுப்பாறையின் மேல் நின்ற மழை விழவில்லை, இல்லாமல் போய்விட்டது. குடத்தைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்கள் தூக்கிய கையோடு நின்றார்கள், ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த குடங்களும் உள்ளே புழுதியாக இருந்தன.

மறுநாள் காலையில் சிறுகன்பட்டியிலிருந்து ஆட்டுப்பாறைக்குத் துக்கம் கேட்கப் போனார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனார்கள், ஆண்கள் வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். வெங்காயக்காரர்களும் போயிருந்தார்கள். தமயந்தி போகவில்லை, ஆபீசில் உட்கார்ந்து அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் திரையில் நின்ற மழை இன்னொரு ஊருக்கு இல்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

சனிக்கிழமை மழையும் மத்தியானமே வந்து மூன்றாவது அடுக்காக நின்றது. வீடுகளில் பகலிலேயே விளக்குப் போட்டார்கள். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, பேசியதைத் தட்டி வைக்க ஊராட்சிக் கம்ப்யூட்டரில் தமயந்தியை உட்கார வைத்தார்கள். ஒரு வெங்காயக்காரர் எழுந்து, நம்ம மழையையும் சென்னைக்காரர் கொன்றே விடட்டும், எங்களுக்கு நல்லதுதான் என்று தொடங்கினார். தொடங்கியவரை மருதாம்பாள் கையமர்த்தினார்.

"ஆட்டுப்பாறைக்குப் போனியா நீயி? போனேல்ல? வெங்காயம் போனா ஒரு பட்டம் போவும். ஏரிக்கு வர்ற தண்ணி போனா நீ எந்தப் பட்டத்துல வெங்காயம் போடுவ?"

அவர் உட்கார்ந்துகொண்டார். மழை வேண்டும் என்பதில் ஊர் ஒன்றானது. மருதாம்பாள் தமயந்தியிடம் போனை வாங்கி, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துப் பேசினார்.

"தம்பி, சிறுகன்பட்டியிலேருந்து தலைவர் பேசறேன். எங்க மழை உங்ககிட்ட மாட்டியிருக்காம்ல?"

"எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்கம்மா, உங்க பக்கம்தான் நின்னுருக்கு. இன்னைக்கு ஆறு மணிக்கு ரிப்போர்ட் போகணும். அதுக்குள்ள ஓடினா சரி, ஓடலைன்னா கொன்னுட்டு சைபர் போட்டுருவேன்."

"ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"என் மேலயும் ஆளு இருக்காங்கம்மா" என்றார் ஜெயசீலன். அதுவும் உண்மைதான் என்று கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் தீர்மானமாவது போட்டு வைப்போம் என்று மருதாம்பாள் சொல்லச் சொல்ல தமயந்தி தட்டினாள். மனசு தட்டுவதில் இல்லை, விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. ராஜவேல் கூட்டத்துக்கு வரவில்லை, அந்த நேரத்திலும் போர்வையோடு காட்டில்தான் இருந்தான். கூடத்து விளக்கு மினுங்கியது. விசிறி தயங்கியது. மீண்டும் ஓடியது.

மருதாம்பாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது என்னா ஆயி, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வெளக்கு மினுக்குனா உன் எடது கை போயி என்னமோ ஒண்ணக் கிள்ளிட்டு வருது?"

"சேவ் பண்றேங்க்கா. கரண்டு போச்சுன்னா தட்டுனது எல்லாம்..."

அந்த வாக்கியத்தைத் தமயந்தி முடிக்கவில்லை. தன் இடது கையை யாரோ இரவல் கொடுத்த கையைப் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை இடி இடித்தது. விசிறி தயங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு வந்த பெண், சாப்பாட்டு மணி அடித்த பிறகு போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கறுப்புத் திரையில் பழக்கதோஷத்தில் எஸ் அழுத்திடாதீங்க, நின்னுடும், நின்னுட்டா க்யூ அழுத்துங்க என்று. பசி நேரத்தில் கேட்டது, அப்போதே மறந்தது.

"ஐயையோ, என் கையிதான்க்கா!" என்று கத்திக்கொண்டு தமயந்தி எழுந்து ஓடினாள்.

ஊர் குடைந்து வைத்திருந்த வழி பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு போனது, சுற்ற நேரமில்லை. அவள் யாரும் நடந்திராத மழைக்குள் நேராகப் புகுந்தாள். மூன்று நாளாக நின்ற மழை மூஞ்சியில் உடைந்தது, கண் தெரியவில்லை, செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. அவள் போன இடம் பூராவும் அவள் அளவுக்கே ஒரு துளை விழுந்தது, துப்பட்டா பறந்ததுகூட அதில் தெரிந்தது. பின்னாலேயே ஓடிவந்த மருதாம்பாளுக்கு அந்தத் துளை போதவில்லை, பக்கத்துக்கு ஒரு முழம் சேர்த்து உடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டம் நனையாமல் வந்தது.

மாடிப்படி ஏறும்போதே போன் அடித்தது, ஜெயசீலன். எடுக்கவில்லை. ஈரக் கையோடு நாற்காலியில் விழுந்து கண்ட்ரோலைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்தச் சாவியோடு க்யூவை அழுத்த வேண்டும், விரல் வழுக்கி சி என்கிற எழுத்தில் பட்டால் எல்லாம் அந்த நொடியே சாகும், ஜெயசீலன் கொன்றார் என்று சொல்ல முடியாது, தன் கையாலேயே கொன்றவள் ஆவாள். இந்தக் கையை நம்பலாமா? வேறு கையும் இல்லை. கதவருகில் மருதாம்பாள் மூச்சு வாங்கினார், படியெல்லாம் ஆள் நின்றது. தமயந்தி குனிந்து, எழுத்துத் தெரியாத பிள்ளை எழுத்தைத் தேடுகிற மாதிரி க்யூவைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரே ஒரு விரலால் அழுத்தினாள்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வியாழக்கிழமை மூன்று இருபதில் நின்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அப்புறம் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் வரிகள் ஓட ஆரம்பித்தன, வெளியே கீழ்த்தெருவில் தகரக் கூரை ஒன்று தடதடத்தது, அடுத்த கூரை, அடுத்த தெரு, அப்புறம் ஊரே ஒரே சத்தமாகிவிட்டது. படியில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். தமயந்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போகிற அழுகை அது, நன்றாக இருந்தது, நிறுத்தவே மனமில்லை. மருதாம்பாள் அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டினார். "எம் வெங்காயம் இன்னும் மூணு மூட்டை காட்டுல கெடக்கு, நாசமாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

மழை முண்டியடிக்கவில்லை, அது ஒரு நல்ல காரியம். எது முதலில் வந்ததோ அது முதலில் போக வேண்டும் என்பது பைப்லைனின் ஒழுங்கு, அதன்படியே முதலில் வியாழக்கிழமை மழை பெய்தது. அதன் இடி அன்றைக்கே இடித்துத் தீர்ந்துவிட்டதால் சத்தமில்லாமல் மின்னாமல் பெய்தது. அது முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டு வெள்ளிக்கிழமை மழை தொடங்கியது, அது சாயங்கால மழை, சாய்வாக அடித்தது. ஊர்க்காரர்கள் தாழ்வாரத்தில் நின்று, இது வெள்ளிக்கிழமையோடது என்று அடையாளம் சொன்னார்கள். அன்றைக்கு நனைய வேண்டியிருந்து தப்பித்தவர்கள் சிலர் வெளியே இறங்கி நேர்மையாக நனைந்தார்கள். ஏரி நிரம்புகிற அறிகுறி தெரிந்ததும் மருதாம்பாள் ஆளனுப்பி, கலிங்கில் வழிகிற தண்ணீர் முழுக்க ஆட்டுப்பாறை வாய்க்காலில் போகிற மாதிரி மடை திருப்பச் சொன்னார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

ஜெயசீலன் மறுபடி கூப்பிட்டார். "மேடம், ஓட ஆரம்பிச்சுருச்சே! என்ன பண்ணீங்க?"

"நிறுத்துனதும் நான்தான் சார், விட்டதும் நான்தான். கண்ட்ரோல் எஸ்."

"அதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது மேடம். நெட்வொர்க்னு போட்டுடறேன்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "ஆட்டுப்பாறை மழைய நான் அவசரப்பட்டுட்டேன்ல?"

"ஆமா சார்" என்றாள் தமயந்தி.

மிச்சச் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு அவள் காட்டுக்கு நடந்தாள். வரப்பு வழுக்கியது, வெடிப்புகளில் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ராஜவேல் பயிருக்கு நடுவில் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றான். சுருண்டு கிடந்த இலைகள் விரிந்துகொண்டிருந்தன.

"ஏங்க!" என்று கத்தினாள். "என் கையிதாங்க எல்லாம். நான்தான் தெரியாம நிறுத்தி வெச்சுட்டேன். ரெண்டு நாளா உங்கள இந்தப் பாடு படுத்திட்டேன்."

அவன் மழைச் சத்தத்தில் காது கொடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "அதான் தூக்கத்துலகூட என் முதுகுல அழுத்திக்கிட்டே இருப்பியா நீ? நீ எதையோ கனா காணறன்னுல்ல நான் நெனச்சேன்."

"சிரிக்காதீங்க. வாங்க வீட்டுக்கு, சளி புடிக்கும்."

"இரு, இது வெள்ளிக்கெழம மழ. இன்னும் சனிக்கெழமையோடது பாக்கி இருக்கு."

அவள் பக்கத்தில் போய் நின்றாள். கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கெழம?"

ராஜவேல் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். உருண்டை பிடித்தது.

"ஞாயித்துக்கெழம உரம் வெக்கணும்" என்றான். "ஈரம் காயறதுக்குள்ள ரெண்டு ஏக்கராவும் முடிக்கணும், ஒத்த ஆளால ஆவாது. நீ ஆபீசுக்கு லீவு சொல்லிரு."